சீட்டில் இரண்டு சொல் கூடுதலாக எழுதினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வயதானவர்கள் தவறி விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத டைல்ஸ், ராத்திரி எரிய ஒரு சின்ன பல்பு, கால்மிதியை எடுத்துவிடுவது என்று எல்லாம் இருந்தது. எல்லாம் சரிதான். என் அக்கா வீட்டில் இவ்வளவும் இருந்தது. கம்பியை நானே கொத்தனாரை நிற்கவைத்துப் பதித்தேன். அந்தக் கம்பிக்கு இரண்டடி தள்ளித்தான் அக்கா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

கட்டுரை முழுக்கத் தேடினேன், மாத்திரை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்து 2014இல் ஓய்வு பெற்றவன். ஊரில் இன்னும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லக் காரணம், கீழே வரும் கதையில் தப்பு செய்தவர்கள் வரிசையில் நானும் இருக்கிறேன்.

அக்காவுக்கு வயது 78, எடை 46 கிலோ. அத்திம்பேர் போன பிறகு கிராமத்து வீட்டில் தனியாக இருக்கிறார். மகள் திருப்பூரில். இருபது வருடமாக பிரஷர், பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை எல்லாம் யாரோ வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்த ஒரு மஞ்சள் பையில் கிடக்கும். பை எப்போதும் சாமி அலமாரிக்குக் கீழே ஆணியில் தொங்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டெல்மிசார்டன், அம்லோடிபின் இரண்டோடு குளோர்தாலிடோன் என்று நீர் பிரியும் மாத்திரை ஒன்றையும் சேர்த்தார்கள். ஒரு மாதத்தில், "எழுந்தா தலை சுத்துது தம்பி" என்றார். டவுனில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, தலைசுற்றலுக்குச் சின்னரிசின் எழுதினார். பத்து நாளைக்கு மட்டும். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. தீர்ந்ததும் காலி அட்டையை மெடிக்கலில் காட்டி, அதே மாத்திரை ஒரு மாசத்துக்கு என்று கேட்டார், கடையில் கொடுத்தார்கள். பத்து நாள் மாத்திரை பதினாறு மாதம் ஓடியது. அதில் பாதி மாதம் கடைக்குப் போய் வாங்கிவந்தது நான்.

அந்தப் பங்குனி, மன்னார்குடியில் வெண்ணெய்த்தாழி உற்சவம். கோபாலன் பல்லக்கில் வரும்போது வெண்ணெய் வீசுவது அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம், ஒரு வருடமும் விட்டதில்லை. அன்றைக்குத் தொன்னையிலிருந்து வெண்ணெயை எடுக்கக் கை வரவில்லை, நடுங்கியது. வீசியது முன்னால் நின்றவர் முதுகில் போய் விழுந்தது. நடையும் சுருங்கி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். முகத்தில் சிரிப்பு வரவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து போன இடத்தில் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம் என்றார்கள். லீவோடோபா ஒன்று, டிரைஹெக்ஸிஃபெனிடில் ஒன்று. பிறகு வாய் உலர்ந்தது, மலம் கட்டியது. அதற்கு ஒரு சிரப். மறதி வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு ராத்திரி எனக்குப் போன் போட்டு, "கொல்லைக் கதவுகிட்ட அப்பா நிக்கிறாருடா, உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு" என்றார். அப்பா போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தூக்கமில்லாததால்தான் இப்படி என்று அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை சேர்ந்தது. புரட்டாசியில் ஒரு விடிகாலை மூன்று மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்தவர் விழுந்தார்.

எலும்புக்கு ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்கு அசிக்ளோஃபெனாக், கேஸுக்கு பேன்டோபிரசோல், கால் எரிச்சலுக்கு பிரிகாபலின் என்று இன்னும் மூன்று. ஏற்கெனவே இருந்த ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து மொத்தம் பதினாலு. நான் உட்கார்ந்து வேளை வாரியாக டப்பாவில் பிரித்துப் போட்டேன். 31 வருட அனுபவத்துக்கு அழகாகத்தான் பிரித்தேன்.

கணக்கு தெரிந்தது மூன்று மாதம் கழித்துத்தான். அக்கா மகள் விடாப்பிடியாக நின்று, ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் முதியோர் பிரிவுக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஃபைலை நீட்டினோம், வாங்கவில்லை. "பையைக் கொண்டுவந்தீங்களா?" என்றார். மேஜை மேல் கொட்டச் சொன்னார். ஒவ்வோர் அட்டையாக எடுத்து அக்காவிடம், "அம்மா, இது எதுக்குச் சாப்பிடுறீங்க? எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். பதினாலில் ஐந்துக்குத்தான் பதில் வந்தது. மிச்சத்துக்கு அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு மருந்தின் வேலை தெரியும். அதை எதற்காக ஆரம்பித்தார்கள், எதுவரைக்கும் கொடுக்கச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

பிறகு படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், 142. வாக்கரைப் பிடித்து நிற்கவைத்து மூன்று நிமிடத்தில் மறுபடி பார்த்தார், 108. தலைசுற்றலின் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. மூன்று வருடத்தில் அக்காவுக்கு எத்தனையோ பேர் பிரஷர் பார்த்திருக்கிறார்கள், எல்லாரும் உட்காரவைத்துத்தான் பார்த்தார்கள்.

மீதியை அவர் ஒரு துண்டுத்தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். பிரஷர் மாத்திரை அதிகமானதால் தலைசுற்றல். அதை நோய் என்று எடுத்துக்கொண்டு சின்னரிசின். அந்த மருந்து மூளையில், உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கக்கூடியது, மாதக்கணக்கில் கொடுத்தால் வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் விறைப்பும் வரும். அதையும் நோய் என்று எடுத்துக்கொண்டு டிரைஹெக்ஸிஃபெனிடில். அது வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், வயதான மூளையைக் குழப்பும், இல்லாத ஆளைக் கண்முன் காட்டும். அதற்குத் தூக்க மாத்திரை. தூக்க மாத்திரைக்கு இடுப்பெலும்பு. ஒவ்வொன்றையும் எழுதியவர் அவரவர் முன்னால் இருந்ததைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், பின்னால் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை என்றார் அந்த டாக்டர். யார் மேலும் கோபப்படாமல் சொன்னதால் எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

அவருக்குக் கோபம் வந்தது ஒரே இடத்தில். டெல்மிசார்டன், குளோர்தாலிடோன், அசிக்ளோஃபெனாக் மூன்றும் ஒரே பையில் இருந்ததைப் பார்த்தபோது. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தை மூன்று பக்கமிருந்தும் நெருக்கும். மருந்தாளுநர் படிப்பில் இது பாடமாகவே உண்டு. "ஐயா, நீங்க ஃபார்மசிஸ்ட்டுன்னு சொன்னீங்களே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கிரியாட்டினின் 1.1தானே, நார்மல்னு போட்டிருக்கே?" என்று அக்கா மகள் கேட்டாள். லேப் தாளில் எந்தச் சிவப்புக் கோடும் இல்லைதான். ஆனால் கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, தசையிலிருந்து வருவது. தசை வற்றிப்போன கிழவியின் ரத்தத்தில் அது எப்படிக் கூடும்? 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இரண்டு பேர் கொடுத்த, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85ஆல் பெருக்க வேண்டும். அக்காவுக்குப் போட்டால் 30க்குக் கொஞ்சம் மேல் வருகிறது. நல்ல உடம்போடு இருக்கும் இளவயதுக்காரருக்கு நூறை ஒட்டி இருக்கும். அதாவது, நார்மல் என்று போட்ட தாளுக்குப் பின்னால் மூன்றில் ஒரு பங்கு வேலைதான் நடந்துகொண்டிருந்தது. பிரிகாபலின் கிட்டத்தட்ட முழுக்கச் சிறுநீரில் போகிற மருந்து. இளவயதுக்காரருக்கு எழுதும் அளவையே அக்காவுக்கும் எழுதியிருந்தார்கள். மயக்கத்துக்கு அதன் பங்கும் உண்டு. கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது. அந்த டாக்டர் எங்கள் முன்னாலேயே போட்டார்.

முடிவில் ஏழு மருந்து போனது, ஒரே நாளில் போகவில்லை. அல்பிரசோலத்தை ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். டிரைஹெக்ஸிஃபெனிடிலும் அப்படித்தான். நடுக்கம் நின்றது உறுதியான பிறகே லீவோடோபாவை எடுத்தார். பிரிகாபலின் பாதியானது. சர்க்கரைக்கு, இறங்கிவிடும் ஆபத்து குறைவான வேறொன்றை மாற்றினார். புதிதாக ஒன்று சேர்ந்தது. எலும்பு முறிந்த கிழவிக்கு எலும்பை வலுவாக்க யாரும் எதுவும் கொடுத்திருக்கவில்லை! வைட்டமின் டி கொடுத்துச் சரிசெய்த பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஊசி. பதினாலு மாத்திரை எழுதிய இடத்தில், எழுத வேண்டிய ஒன்று விட்டுப்போயிருந்தது. குறைப்பது மட்டும்தான் நல்ல வைத்தியம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஐந்தாவது மாதம் கை நடுக்கம் நின்றது. மறதி முழுக்கப் போகவில்லை, முக்கால்வாசி போனது. அப்பா கொல்லைக் கதவுக்கு வருவதில்லை.

இது என் குடும்பத்துக் கதை மட்டும் இல்லை. கவுன்டரில் நின்ற காலத்தில் கண்ணால் பார்த்த ஒன்று. ஆடி அமாவாசை, ஒருபொழுது விரதம். எழுபது தாண்டிய பாட்டி ஒருவர் சாப்பாட்டை விட்டுவிட்டார், சர்க்கரை மாத்திரையை விடவில்லை. மாத்திரையை விட்டால் டாக்டர் திட்டுவார் என்று பயம். மத்தியானம் நினைவில்லாமல் டிவிஎஸ் 50இல் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். நெற்றி நிறைய விபூதி. காற்று பட்டுவிட்டது என்று கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏறியதும் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "நான் ஏன் இங்க இருக்கேன்?" என்றார். உடனே வீட்டுக்குக் கிளம்பினார்கள். டாக்டர் விடவில்லை, ராத்திரி முழுக்க வைத்திருந்தார். அப்போது நாங்கள் கொடுத்தது கிளிபென்கிளமைடு. அதன் வேகம் ஒரு நாள் வரைக்கும் நிற்கும், குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இழுத்துவிடும். அமாவாசை அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டியது யார்? மாத்திரையைக் காகித உறையில் போட்டு, வெளியே கோடு கிழித்து, அடுத்த ஆள் என்று கூப்பிட்ட நான்தான்.

வயதானவர்களுக்கு ஆகாத மருந்துகளுக்குப் பட்டியல் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மார்க் பீர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் 1991லேயே ஒன்று போட்டார். அதைத் திருத்தித் திருத்தி 2023இலும் வெளியிட்டார்கள். அயர்லாந்தில் 2008இல் ஒரு பட்டியல் வந்தது, அதில் நிறுத்த வேண்டியது தனி, சேர்க்க வேண்டியது தனி. நல்ல விஷயம்தான். ஆனால் அக்காவைக் கவிழ்த்த சின்னரிசினை அமெரிக்கப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அந்த மருந்து அந்த நாட்டில் விற்பனையிலேயே இல்லை, பிறகு எப்படிப் பட்டியலில் வரும்? நம் ஊர்ப் பைகளில் என்ன கிடக்கிறது என்று நாம்தான் பார்த்து எழுத வேண்டும். செட் மாத்திரை எந்த நாட்டுப் பட்டியலில் இருக்கும்? "உடம்பு வலிக்குது, ஒரு செட் குடுங்க" என்றால் நான்கைந்து நிறத்தில் பெயர் தெரியாத மாத்திரைகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, அதில் வலி மாத்திரையும் சளி மாத்திரையும் சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். ப்ராஸ்டேட் வீங்கிய தாத்தா அந்தச் சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ராத்திரி ஒன்றுக்குப் போக முடியாமல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

நம்மிடம் மருத்துவம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தது 1978இல், நாட்டிலேயே முதலாவதாக. கிண்டியில் 2024இல் 200 படுக்கையோடு முதியோர் மருத்துவமனை திறந்தார்கள். பெருமைதான். ஆனால் எங்கள் ஊர்க் கிழவிகளுக்குக் கிண்டி என்பது மன்னை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டு வாசலுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவருகிறது. எங்கள் தெருவுக்கு வரும் பெண்ணுக்கு எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று தலைகீழ்ப் பாடம். அவர் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஏற்கெனவே ஆணியில் தொங்கும் பையைக் கொட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநருக்கு அனுப்பினால் போதும். அந்த மருந்தாளுநர் அதைப் பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். சீட்டைச் சரிபார்ப்பதும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் மருந்தாளுநர் வேலை என்று 2015ஆம் வருட விதிமுறையிலேயே இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதும் போதாதுதான். அல்பிரசோலத்தைப் புதுச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014இலிருந்து சட்டம். என்னிடம் எந்தக் கடையிலும் யாரும் சீட்டு கேட்டதில்லை.

டாக்டர்களிடம் கேட்பது ஒன்றுதான். சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் இரண்டு சொல் கூடுதலாக எழுதுங்கள்: எதற்கு, எதுவரை. தமிழில் எழுதினால் புண்ணியம். "தலைசுற்றல், 10 நாள்" என்று சின்னரிசின் பக்கத்தில் இருந்திருந்தால் அக்காவே நிறுத்தியிருப்பார். மெடிக்கல் பையன்கூட ஒரு கணம் யோசித்திருப்பான். ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே பெரிது என்று எனக்கும் தெரியும். அந்தப் பக்கம் ஜன்னலில் நின்றவன் நான். கூட்டத்தின் தப்பும் உண்டு. மாத்திரையைக் குறைத்து அனுப்பிய டாக்டரை, "இவருக்கு ஒண்ணும் தெரியல, ஊசிகூடப் போடல" என்று வெளியே வந்து சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெடிக்கல் கடைக்காரர்களுக்கும் ஒன்று. அட்டையை வெட்டி ஐந்து மாத்திரை கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. பைக்குள் போவது பெயரில்லாத வெள்ளித் துண்டு. அதன் மேல் பெயரை ஒரு பேனாவால் எழுத எவ்வளவு நேரமாகும்? கம்பெனி மாற்றிக் கொடுத்தால், "பழசும் இதும் ஒண்ணுதான், ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க" என்று வாயால் சொல்லுங்கள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு வேளையும் விழுங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது இன்று ராத்திரியே வீட்டுப் பெரியவரின் பையைக் குப்பையில் கொட்டிவிடப் போகிறீர்கள், தயவுசெய்து வேண்டாம். இதயத்துக்குக் கொடுக்கும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால், நாள்பட்ட ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை, பார்க்கின்சன் மாத்திரை, வலிப்பு மாத்திரை இதையெல்லாம் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். பையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நாட்டு மருந்து, மூட்டுவலிப் பொட்டலம், பக்கத்து வீட்டில் வாங்கிய மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். புதிதாக ஏதாவது உபாதை வந்தால், கடைசியாக எந்த மாத்திரை சேர்ந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். பக்கவிளைவு என்று சந்தேகம் இருந்தால் 1800 180 3024 என்ற கட்டணமில்லாத எண்ணுக்கு நோயாளி வீட்டாரே சொல்லலாம். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் வந்தது. என் வேலையின் கடைசி நான்கு வருடத்தில் அதற்கு நான் ஒரு தாள்கூட அனுப்பியதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி நான்கு கட்டத்தில் ஓர் அட்டவணை போடுங்கள்: மாத்திரையின் பெயர், எதற்கு, எப்போதிருந்து, எதுவரை. எழுத்து பெரியதாக இருக்கட்டும், அக்காவுக்கு ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இடம் போதாதென்றால் அந்த வார ராசிபலனில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.

(பெயர் போட வேண்டாம். அக்காவுக்கு வைத்தியம் பார்த்தவர்களை வாரத்துக்கு ஒருமுறையாவது கடைத்தெருவில் பார்க்கிறேன். நல்லவர்கள்.)